ஏணி வாடகைக்கு விடப்படும்

பெயின்டரின் இடது கணுக்காலில் பிளேட் வைத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. இரண்டாம் மாடி உயரத்தில் சாரம் சரிந்து விழுந்தவர். "நடக்கலாம், படி ஏறலாம். ஏணி மட்டும் வேண்டாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருடம் ஏணியில் நின்றே குடும்பத்தை நடத்திய மனிதர். வீட்டு நடையில் சாத்தியிருந்த மூன்று ஏணிகளில் இப்போது போகிறவர் வருகிறவரெல்லாம் இடித்துக்கொண்டார்கள்.

"வித்துத் தொலைங்களேன்" என்றாள் மனைவி. சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் தைப்பவள்.

"விக்கிறதுக்குப் பதிலா வாடகைக்கு விட்டா என்ன?"

விளையாட்டாகச் சொன்னதுதான். சொன்னபிறகு அந்த யோசனை அவரை விடவில்லை.

மறுநாளிலிருந்து ஒரு வாரம் தெருமுனை ஹார்டுவேர் கடை வாசலில் உட்கார்ந்தார். பல்பு, ஆணி, திரைச்சீலைக் கம்பி வாங்கியவர்களை நிறுத்தி, "இதை மாட்ட வீட்டுல ஏணி இருக்குங்களா?" என்று கேட்டார். நாற்பத்தொரு பேரில் ஒன்பது பேரிடம்தான் இருந்தது. மற்றவர்கள் மேசைமேல் நாற்காலி போடுகிறவர்கள். ஜன்னல் கம்பியில் கால் வைத்துத் தொற்றுவதாக ஒருவர் பெருமையடித்தார். பெயின்டர் தன் கணுக்காலைத் திருப்பிக் காட்டினார்.

அடுத்த வாரம் ஏணிகளைப் பிரித்துப் போட்டுச் சோதித்தார். ஆடிய படிகளை மாற்றி, கால்களுக்கு ரப்பர் மாட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் எழுதினார். வைக்க இடம் வேண்டும். ஹார்டுவேர்க்காரர் தன் கடையின் பக்கச் சுவரைக் கொடுத்தார். ஏணி எடுக்க வருகிறவன் பல்பு வாங்காமலா போவான் என்பது அவர் கணக்கு.

உரிமம் எழுதுகிற அலுவலகத்தில்தான் சிக்கல்.

"ஏணின்னு ஒரு வகையே இல்லீங்களே" என்றார் குமாஸ்தா, பட்டியலில் விரலை ஓட்டியபடி. "நாற்காலி, மேசை வாடகைன்னு போட்டுக்கலாமா?"

"போடுங்க சார். அதுங்க மேலயும்தான் ஏறுறாங்க."

மனைவியின் தம்பி வேன் ஓட்டுகிறவன். கடைச் சுவரில் மாட்டியிருந்த 'ஏணி வாடகைக்கு விடப்படும்' பலகையைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாமல், "மாமா, அடுத்து சுத்தியலை மணிக்கணக்குல விடுவீங்களா?" என்றான். அன்று இரவு பெயின்டருக்குத் தூக்கம் வரவில்லை.

மூன்று நாள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நான்காவது நாள் கடைக்கு எதிர்வீட்டு டீச்சர் பல்பு மாற்ற இரண்டாம் எண் ஏணியை எடுத்துப் போய், அரை மணி நேரத்தில் கையை வீசிக்கொண்டு திரும்பி வந்தார்.

"ஏணி நல்லாத்தான் இருக்கு. ஏறத்தான் ஆளில்லை. எனக்குத் தலை சுத்துது."

பெயின்டர் காலைப் பார்த்துக்கொண்டார். அன்று தொழிற்சாலை விடுமுறை. சாப்பாடு கொண்டுவந்திருந்த மனைவி டிபன் பாக்ஸைக் கீழே வைத்தாள்.

"நான் ஏறுறேன்."

"பேசாம இரு."

"நீங்க பிடிச்சுக்குங்க. உங்க கைக்கு ஒண்ணும் ஆகலையே?"

டீச்சர் வீட்டுக் கூடத்தில் அவள் ஏழு படி ஏறினாள். மேலே அவள் கை நிதானமாக இருந்தது. கீழே அவர் ஏணியை இறுக்கிப் பிடித்திருந்தார். பழைய பல்பைக் கழற்றிக் கீழே நீட்டினாள். அவர் ஒரு கையைக்கூட எடுக்கத் துணியாததால், டீச்சர் வந்து வாங்கிக்கொண்டார்.

"இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை வருஷம் என்னை ஏணி கிட்டவே விடலை?" என்றாள் இறங்கி வந்து.

அதன் பிறகு வந்தவர்கள் ஏணி கேட்கவில்லை, அவளைக் கேட்டார்கள். ஃபேன் துடைக்க, கடிகாரம் மாட்ட, பரணிலிருந்து பெட்டி இறக்க. ஆண்கள் வேலைக்குப் போன நேரத்தில் வீட்டிலிருக்கும் பெண்களுக்கு ஒரு பெண் வந்தது வசதியாக இருந்தது. லீவு போட்டும் ஷிப்ட் மாற்றியும் சமாளித்த அவள், மூன்றாம் மாதம் பொத்தான் வேலையை விட்டாள். பெயின்டர் பலகையை இறக்கி, 'ஏற ஆளும் உண்டு' என்று கீழே ஒரு வரி சேர்த்தார்.

தெருவில் அவள் பெயர் ஏணியக்கா ஆனது. அவரை ஏணியக்கா வீட்டுக்காரர் என்றார்கள். முதலில் அது அவருக்குச் சுருக்கென்று இருந்தது. இரண்டு நாள் கடைக்கே வரவில்லை. மூன்றாம் நாள் அவள் வேறொருத்தரைப் பிடிக்கச் சொல்லி ஏறினாள் என்று கேள்விப்பட்டு, நொண்டிக்கொண்டே ஓடினார்.

இப்போது தொழிற்சாலையில் அவளோடு வேலை செய்த இன்னொருத்தியும் சேர்ந்திருக்கிறாள். அவளுக்கு ஏணி பிடிப்பது, அன்று பலகையைப் பார்த்துச் சிரித்த மச்சினன்.