சல்லடை அறையும் சொட்டு மருந்தும்

எழுபதுகளின் கடைசியில், இலங்கை மலையகத்தில் கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. சல்லடை அறையில் காய்ந்த தேயிலையிலிருந்து பஞ்சு போலத் தூசு கிளம்பும். பொழுது சாயும்போது மூக்கு அடைத்துவிடும். வீட்டிலோ ஈர விறகின் புகை. வாயைத் திறந்தபடி தூங்கி, நாக்கு வறண்டு எழுந்திருப்பேன்.

வெந்நீர் ஆவியில் வேது பிடித்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரி மாத்திரையில் தூக்கம்தான் வந்தது. பிறகு என் வீட்டுக்காரர் கொட்டகலைக் கடையில் மூக்குக்கு விடும் சொட்டு மருந்து வாங்கி வந்தார். விட்டதும் மூச்சு தாராளமாக ஓடியது. சில மாதங்களில் அந்தப் போத்தல் இல்லாமல் வேலைக்குப் போக முடியவில்லை. விடாவிட்டால் முன்னைவிட மோசமாக அடைத்தது.

கடைசியில் அவர் என்னை நுவரெலியாவில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் மூக்குக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். பிறகு சொட்டு மருந்துப் போத்தலை வாங்கிப் பார்த்தார்.

"இது எவ்வளவு காலமா போடுறது?"

"ஒரு வருசத்துக்கு மேல இருக்கும்ங்க ஐயா."

"மூணு நாலு நாள்தான் போடலாம். முதல்ல தூசியில வந்த மூக்கு வருத்தம், இப்ப இந்த மருந்தாலதான் அடைக்குது."

சொட்டு மருந்தை நிறுத்தி, கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவச் சொன்னார். தூசு வேலையையும் விடச் சொன்னார்.

முதல் வாரம் நரகம். "கொஞ்சம் பொறுத்துக்க புள்ள" என்பார் என் வீட்டுக்காரர். பிறகு ஒரு காலையில், விளக்குக்கு எண்ணெய் ஊற்றும்போது வெகு நாளைக்குப் பிறகு மண்ணெண்ணெய் வாடை தெரிந்தது. அழுதுவிட்டேன்.

தொழிற்சாலை ஐயாவிடம் கெஞ்சிக் கொழுந்து பறிக்க மாறினேன். என்னோடு சல்லடை அறையில் வேலை செய்த ஓர் அக்காவையும் கூப்பிட்டேன்.

"எனக்கும் அடைக்குதுதான். இந்த முழங்கால வச்சிக்கிட்டு மலை ஏற முடியுமா, சொல்லு?"

பழைய சேலைத் துண்டை இரண்டாக மடித்து மூக்கில் கட்டிக்கொள்ளத் தைத்துக் கொடுத்தேன். கட்டிக்கொண்டார். உப்புத் தண்ணீரிலும் கழுவினார். ஆனாலும் அந்த அறையில்தான் நின்றார்.

எண்பதுகளின் நடுவில் அந்த அக்கா மூச்சிளைப்பு முற்றி இறந்துபோனார். தூசுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.