தொண்ணூற்றொன்றைச் சுற்றிய வட்டம்

ஓரத்தில் பென்சிலால் சின்னதாக 7 × 13 என்று எழுதியிருந்த அந்த விடைத்தாள் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. பக்கத்திலேயே சிவப்பு மையில் தவறு என்று ஒரு கோடு, தாள் கிழியும் அளவுக்கு அழுத்தமாக.

மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. வேலை நிரந்தரமாகாத நேரம். பக்கத்துப் பிரிவுக்குக் கணக்கு எடுத்தவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிடப் பல வருடம் மூத்தவர். இருவருக்கும் வீடு திருவான்மியூர் பக்கம், ஒரே பஸ். முதலில் ஏறினால் எனக்கு இடம் போட்டு வைப்பார். என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் முழுக்க எனக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பள்ளியில் எனக்கென்று இருந்த ஒரே ஆள்.

காலாண்டுத் தேர்வுக்கு வினாத்தாளும் விடைக்குறிப்பும் அவர் தயாரித்தார். சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. பகா எண்களை வட்டமிடச் சொன்ன கேள்வியில் 51, 59, 87, 91, 97 என்று ஐந்து எண்கள். விடைக்குறிப்பில் 91-ஐயும் வட்டமிட்டிருந்தார். ஆளை ஏமாற்றுகிற எண் அது. இரண்டால் வகுபடாது, மூன்றால் வகுபடாது, ஐந்தால் வகுபடாது. பெரும்பாலானவர்கள் அத்தோடு விட்டுவிடுவார்கள்.

"அக்கா, தொண்ணூத்தொண்ணு ஏழால வகுபடுமே?" என்றேன்.

ஒரு கணம் யோசித்தார். "அட, ஆமாண்டி! எழுபதும் இருபத்தொண்ணும். சரி, நான் மாத்திடறேன். நீ கையெழுத்த போட்டுட்டுப் போ, ஆபீஸ்ல கேட்டுட்டே இருக்காங்க."

போட்டேன்.

அவர் மாற்றவில்லை. ஒருவர் வகுப்புத் தாளை மற்றவர் திருத்துவது எங்கள் வழக்கம். என் வகுப்புத் தாள்களைப் பழைய குறிப்பை வைத்தே திருத்திவிட்டார். 91-ஐ வட்டமிட்ட பிள்ளைகளுக்கு முழு மதிப்பெண். வட்டமிடாமல் விட்டு, காரணிகளையும் ஓரத்தில் எழுதிக் காட்டிய ஒரு பெண்ணுக்குப் பூஜ்யம். தாள்களைக் கொடுத்தபோது நான் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் அவளுடைய அப்பா வந்தார். தையற்கடை வைத்திருப்பவர். தலைமையாசிரியை எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஏழு பதிமூணு இன்னா மேடம்? தொண்ணூத்தொண்ணுதானே? துணி வெட்றவன், எனக்கே தெரியுது. ரெண்டு நாளா பொண்ணு அழுதுகினு கீது," என்றார் அவர், தாளை மேசைமேல் வைத்து.

தலைமையாசிரியை அக்காவைப் பார்த்தார். அக்கா என் தோளில் கை வைத்தார். "கேள்வி போட்டது நான்தான் மேடம். செக் பண்ணிக் கையெழுத்து போட்டது இவ. பாவம், புதுசு. நான் கூட இருந்து பார்த்திருக்கணும்."

கேட்பவர்களுக்கு, என் தவறை அவர் பெருந்தன்மையாகப் பங்குபோட்டுக்கொள்வதுபோல இருந்திருக்கும். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பவில்லை. "சாரி சார்," என்று அந்த அப்பாவிடம் நான்தான் சொன்னேன்.

மத்தியானம் அந்தப் பெண்ணை வராந்தாவில் நிறுத்தி, "உன் பதில்தான் சரி," என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "அப்போ உங்களுக்குத் தெரியாதா மிஸ்?" என்று கேட்டாள்.

சாயங்காலம் பஸ்ஸில் அக்கா வழக்கம்போல இடம் போட்டு வைத்திருந்தார். உட்கார்ந்தேன். அடையாறு தாண்டும்வரை மகளுடைய பாட்டு கிளாஸைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். மறுநாளிலிருந்து நான் அடுத்த பஸ்ஸுக்கு மாறினேன். அடுத்த வாரம் என்னை மூன்றாம் வகுப்புக்கு மாற்றினார்கள். வேலை நிரந்தரமாக இன்னொரு வருடம் காத்திருக்கச் சொன்னார்கள். அவரிடம் அதைப் பற்றி நான் கேட்கவே இல்லை. வினாத்தாள் நெருக்கடியில், நான் சொன்னது அவர் நினைவிலிருந்தே போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்காமல் அந்த ஆசிரியர் அறையில் தினமும் உட்கார்ந்திருக்க முடியாது.

போன மாதம் அவருக்குப் பணிஓய்வு விழா. சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு எச்.எம். ரூம்ல, தப்ப என்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தும் நீ வாயே தெறக்கலையேடி. வேற யாராவதா இருந்தா போட்டுக் குடுத்திருப்பாங்க. அதனாலதான் உன்ன மட்டும் எனக்கு எப்பவும் பிடிக்கும்."

அவர் எதையும் மறந்திருக்கவில்லை. கையை உருவிக்கொண்டு, பாதிச் சாப்பாட்டில் இலையை மூடினேன்.