நெட்டி முறித்த கழுத்து

தாடையில் ஒரு கை, பிடரியில் ஒரு கை. நஸ்ருல்லா தலையை ஒரு வெட்டு வெட்டுவார்; 'மளுக்'கென்று சத்தம் கேட்கும். துணி பார்க்க வந்த பெண்கள் திடுக்கிடுவார்கள். "பயப்படாதீங்கம்மா, என் கழுத்துதான். நைட்டி கிழியல," என்பார்.

தெப்பக்குளத்தை ஒட்டிய நடைபாதையில் நைட்டி வியாபாரம். பேச்சுதான் மூலதனம். "துவைக்கத் துவைக்கப் புதுசாகும்மா! சாயம் போனா நான் ஊரை விட்டே போறேன்!" என்று ராகம் போட்டுக் கூவினால், மலைக்கோட்டைக்குப் போகிறவர்கள்கூட ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போவார்கள். பாலக்கரை வீட்டிலும் வாய் ஓயாது. "மென்னுட்டுப் பேசுங்களேன்," என்று மனைவி ஜீனத் கெஞ்சுவாள். அவர் கழுத்தை வெட்டினால் மட்டும் அவளுக்குக் கோபம் வரும். "ஒரு நாளைக்குத் தலை கையோட வந்துரப் போகுது!"

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட உட்கார்ந்தவர் வழக்கம்போல் கழுத்தை வெட்டினார். "இந்தப் பக்கம் சுள்ளுங்குது," என்று இடப்பக்கத்தைத் தடவினார். இரண்டு கவளம் உள்ளே போயிருக்கும். சோற்றுக் கை தட்டிலேயே துவண்டு விழுந்தது. தண்ணீர்ச் செம்பைப் பார்த்தபடி, "சாவி... சாவி..." என்றார். கேலி பண்ணுகிறார் என்று ஜீனத் சிரித்தாள். வாயின் ஓரம் இறங்குவதைப் பார்த்ததும் "யா அல்லா!" என்று அலறினாள்.

தில்லை நகர் ஆஸ்பத்திரியில் டாக்டர் பானுப்ரியா ஸ்கேன் படத்தைக் காட்டினார். "மூளைக்குப் போற ரத்தக் குழாய் கழுத்துல உள்பக்கமா கிழிஞ்சிருக்கு. அங்க உறைஞ்ச ரத்தம் மேல போய் அடைச்சிருக்கு. கழுத்தை வெடுக்குனு திருப்புற பழக்கம் உண்டா?"

ஜீனத் தன் பிடரியைத் தொட்டுக் காட்டினாள். "நெட்டி எடுப்பாங்க டாக்டர்... தினமும். அதுக்கா இப்படி?"

"சில பேருக்கு ஆகும்மா."

"தலையைத் திறக்கப் போறீங்களா?"

"வேணாம். தொடையில சின்னத் துளை போட்டு, மெல்லிசான குழாயை மேல ஏத்தி அடைப்பை எடுத்துருவோம். கிழிஞ்ச இடத்துல ஸ்டென்ட் வெப்போம். ஆனா இப்பவே செய்யணும்."

கழுத்தில் கிழிசல், தொடையில் துளையா? காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். சற்று முன் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதனுக்குத்தானா இதெல்லாம் என்று திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு நாற்காலியில் விறைத்து உட்கார்ந்திருந்தாள்.

முடிந்ததும் உள்ளே விட்டார்கள். தலையில் கட்டு இல்லை, கழுத்தில் ஒரு கீறல் இல்லை. "கையைத் தூக்குங்க," என்றார் டாக்டர். விழுந்து கிடந்த வலது கை மெல்ல எழுந்தது. ஜீனத் கட்டிலை நெருங்கினாள். அவளைப் பார்த்து அவர் வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை. உதடுகள் தேடித் தேடிப் பார்த்தன. ஓயாமல் பேசிய மனிதரின் கண்ணோரம் நீர் வழிந்தது.

பேச்சு இப்போது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது. ஜீனத் என்ற பெயர் வந்துவிட்டது. "தொடை வழியா... கழுத்து... நம்பவே முடியல," என்று வருகிறவர்களிடமெல்லாம் இன்னும் மலைத்துப் போய்ச் சொல்கிறார். பக்கத்துக் கடைக்காரர் சோம்பல் முறித்தால்கூடப் பதறிப்போய் அவர் கையைப் பிடிக்கிறார். கூவ மட்டும் முடிவதில்லை. சொல் பாதியில் நின்றுவிடுகிறது.

அதனால் கடையில் இப்போது ஜீனத் நிற்கிறாள். தெருவில் ஒரு நாளும் குரல் உயர்த்தாதவள். முதல் நாள், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "நைட்டி... வாங்கம்மா..." என்று முனகினாள். ஒருவரும் திரும்பவில்லை. நஸ்ருல்லா எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். வலது உள்ளங்கையால் மரப்பெட்டியின் மேல், தான் முன்பு கூவிய ராகத்துக்குத் தாளம் தட்டத் தொடங்கினார். இரண்டு தட்டு, பிறகு ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.