பிலோமினா சொன்ன மாற்று இணைப்பு

நேற்று முன்தினம் காலை ஈப்போ பக்கத்து லகாட்டிலிருந்து பிலோமினாவின் தம்பி தொலைபேசியில் அழைத்தார். "அக்கா போயிருச்சு அண்ணே. நாளைக்குப் பத்து மணிக்குக் கோயில்ல அடக்கப் பூசை. வந்துருங்க." பல வருடங்களாக நான் அந்த வீட்டுப் பக்கம் போனதில்லை. வெட்கம்தான் காரணம்.

எழுபதுகளில் கோப்பெங் பக்கம் ஒரு தோட்டத்து ரப்பர் ஆலையில் பிலோமினாவும் நானும் வேலை பார்த்தோம். நான் எஞ்சினியர். அவர் பரிசோதனைக்கூடத்தில் ரப்பர் கட்டிகளை அறுத்து, உள்ளே காயாத வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பவர். புள்ளி இருந்தால், யார் கெஞ்சினாலும் சிரித்துக்கொண்டே தள்ளுபடி செய்துவிடுவார்.

இரண்டு லைன்களில் அரைபட்டு வரும் ரப்பரை உலர்த்தும் டிரையரில் இரண்டு அறைகள், அறைக்கு ஒரு பர்னர். முன்னறை வெப்பமானி முன் பர்னரையும், பின்னறை வெப்பமானி பின் பர்னரையும் கூட்டிக் குறைக்கும்படி நான்தான் இணைத்திருந்தேன். ஆனாலும் சில நாட்கள் கட்டி கட்டியாகத் தள்ளுபடி ஆனது. பிலோமினா தம் நோட்டோடு என்னிடம் வந்தார்.

"ஒரு லைன் ஓடுனா ரப்பர் சுத்தமா இருக்கு சார். ரெண்டும் ஓடுற அன்னிக்குத்தான் புள்ளி வருது. அப்ப சூடு காத்து ஃபேன வேகமா விடுறாங்க. முன் பர்னர் சூடு பின்னால போயிருது, பின்னால உள்ளது சுத்தி முன்னால வருது. அந்த நேரத்துக்கு மட்டும் முன் வெப்பமானி வயர பின் பர்னருக்கும், பின்னால உள்ளத முன் பர்னருக்கும் மாத்திக் குடுத்துப் பாருங்கலா."

"நீங்க கத்தியப் பாருங்க, வயர நான் பாத்துக்கிறேன்" என்றேன். பட்டம் வாங்கிய திமிர், வேறென்ன? அடுத்த வாரம் அவர் விடுப்பில் இருந்தபோது, அவர் சொன்னபடியே மாற்றிப் பார்த்தேன். புள்ளி போய்விட்டது. இரண்டாவது லைன் ஓடத் தொடங்கியதும் இணைப்பை மாற்றிவிடும் சுவிட்ச் ஒன்றைப் பொருத்தினேன்.

ஈப்போ அலுவலகத்திலிருந்து வந்த பெரிய மேனேஜர் எல்லாரையும் கூட்டிவைத்து, இது யாருடைய யோசனை என்று கேட்டார். "என்னுடையது" என்றேன். பிலோமினா எதிரிலேயே நின்றார். எல்லாரும் கை தட்டினார்கள், அவரும் தட்டினார். அந்தச் சமயத்தில் உற்பத்தி மேற்பார்வையாளர் வேலைக்கு அவர் மனுப் போட்டிருந்தார். மேனேஜர் என்னிடம்தான் அவரைப் பற்றி விசாரித்தார். டிரையரைப் பற்றிப் பிலோமினாவுக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட்டேன். ஆலை மூடும்வரை அவர் பரிசோதனைக்கூடத்திலேயே இருந்தார்.

நேற்று கோயில் வாசலில் அவருடைய தம்பி என் கையைப் பிடித்துப் பாதிரியாரிடம் அழைத்துப் போனார். "ஃபாதர், இவருதான் அந்த சுவிட்ச கண்டுபிடிச்ச எஞ்சினியர். கெட்டிக்காரருன்னு அக்கா எப்பவும் சொல்லும்."

சொந்த வீட்டில்கூட அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானோ நேற்றும் தலையை ஆட்டிவிட்டு, குழியில் ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டு வந்தேன்.

பிலோமினா, எழுதிய இதை முதலில் உங்கள் தம்பிக்குத்தான் அனுப்புகிறேன். படித்தபின் அவர் என் கையைப் பிடிக்கமாட்டார். போய் வாருங்கள்.