ஆணியில் தொங்கிய தாயத்து

அன்று அவர் அதை மறந்துவிட்டு வந்தாரா, தெரிந்தே விட்டுவிட்டு வந்தாரா? மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஒரு சின்ன வெள்ளித் தாயத்து. மகளின் தொப்புள்கொடி விழுந்ததும் அதைக் காயவைத்து, தாயத்துக்குள் அடைத்து, அரைஞாணில் கோத்துக் கட்டச் சொன்னார் மாமியார். பிஞ்சு இடுப்பில் வெள்ளி உரசிப் புண்ணாகிவிடுமோ என்று எனக்குப் பயம். கட்டாவிட்டால் மாமியார் வருத்தப்படுவாரே என்றும் பயம். சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் என் கணவர், கிளம்புகிற அன்று, "ஏ புள்ள, அத எங்கிட்ட குடு. கடல்ல நான் போட்டுக்கிடுதேன்" என்று கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

அந்த மழைக்காலத்தில் நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோய்க் கப்பலுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. வேறொரு படகு வந்து எல்லோரையும் கரைசேர்த்தது. ஆளில்லாமல் மிதந்த கப்பலை ஓர் இழுவைக் கப்பலின் ஆட்கள் துறைமுகத்துக்கு இழுத்துவந்து, இது கைவிடப்பட்ட கப்பல், எங்களுக்கும் இதில் பாத்தியதை உண்டு என்று கோர்ட்டுக்குப் போனார்கள். கைவிடவில்லை, ஆட்கள் திரும்பிப் போவதாகத்தான் இருந்தார்கள் என்றார் கப்பல் முதலாளி. இறங்கியவர்கள் மனதில் என்ன இருந்தது என்பதுதான் வழக்கே. என் கணவர் முதலாளி தரப்புச் சாட்சி.

சாட்சி சொல்லப் போகும்வரை அவருக்குச் சோறு இறங்கவில்லை. "நடந்தத மட்டுந்தான் சொல்லுவேன். சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொன்னா பிள்ளையத்தான் பிடிக்கும்" என்றார். தனியே அனுப்ப மனமில்லாமல் நானும் கைக்குழந்தையோடு, எங்கள் தாராவி வீட்டுக்குப் பக்கத்துச் சயான் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன்.

கோர்ட் நியமித்திருந்த மூத்த வக்கீல் ஒருவரின் அறையில், மேசையைச் சுற்றி உட்கார்ந்து விசாரித்தார்கள். நான் கடைசி நாற்காலியில். இழுவைக் கப்பல் தரப்பு வக்கீல் ஒரு போட்டோவைத் தள்ளினார். என் கணவர் படுக்கும் இடம். மடிக்காத லுங்கி, ஒற்றைச் செருப்பு, சுவரில் ஓர் ஆணி, அதில் தாயத்து.

"யாருடையது?"

"என்னுது சார். உள்ள எம் மவ தொப்புள்கொடி இருக்கு."

மொழிபெயர்க்க வந்திருந்த மாட்டுங்காப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "தொப்புள்கொடியா? இதை நான் எப்படி ஐயா சொல்றது இவாகிட்ட?" ஒருவழியாகச் சொல்லி முடித்தார். எல்லோரும் என் மடியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பெற்ற பிள்ளையின் தொப்புள்கொடியையே போட்டுவிட்டு ஓடியவர், கப்பலுக்காகத் திரும்பி வருவீரா?"

"ஓடல சார். மெஷின்ல கயிறு மாட்டிக்கிடும்னு கழத்தி ஆணியில போட்டேன். திரும்பி வருவோம்னுதான் அங்கனயே விட்டேன். வரமாட்டோம்னு நெனச்சிருந்தா மொதல்ல அதயில்லா எடுத்திருப்பேன்!"

"ஓஹோ. தாயத்தைக் கப்பலுக்குக் காவல் வைத்துவிட்டு வந்தீரோ?"

"ஆமா சார். லீவு கேக்காத வாட்ச்மேன்."

அறையே சிரித்தது. முதலாளியின் வக்கீல் அவர் முதுகில் தட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அவர் கரைசேர்ந்து தாராவி வீட்டு வாசலுக்கு வந்தபோது நான் பார்த்தேன். குழந்தையை வாங்கக் கை நீட்டியவர், பாதியில் கையை மடக்கிக் கழுத்தைத் தடவினார். முகம் வெளுத்துவிட்டது. தொண்டைக்குள்ளேயே ஓர் "ஐயோ". "என்னங்க?" என்றேன். "ஒண்ணுமில்ல, பிள்ளையத் தா" என்று வாங்கி, அவள் உச்சந்தலையில் மூக்கை வைத்தபடி அப்படியே நின்றார்.

தெரிந்தே விட்டு வந்தவருக்கும் பழக்கத்தில் கை கழுத்துக்குப் போகலாம். அந்த "ஐயோ" கப்பலை நினைத்தும் இருக்கலாம். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பிறகு இரு தரப்பும் சமாதானமாகிவிட்டன. தாயத்தும் திரும்பி வந்தது. ஆனால் மகளுக்கு உடம்பு சுடும்போதெல்லாம், "பிள்ளையத்தான் பிடிக்கும்" என்ற அவர் குரல் காதில் கேட்கிறது. காய்ச்சல் கிருமியால் வருவது என்று படித்தவள்தான். இருந்தும் தெர்மாமீட்டரை உதறி உதறி மறுபடி மறுபடி வைத்துப் பார்க்கிறேன்.

மறந்திருந்தால் எனக்குக் கோபம் இல்லை. அதை எடுக்கத் தண்ணீர் ஏறிய கப்பலுக்குள் படியிறங்கியிருந்தால் அவர் வராமலே போயிருக்கலாம். இதை அவரிடம் சொல்ல ஆசைதான். சொன்னால், உங்களை நம்பவில்லை என்று சொன்னது போலாகிவிடுமே.

போன ஞாயிறு, செம்பூரில் நாத்தனார் வீட்டில், வழக்கம்போல வாட்ச்மேன் கதையைச் சொல்லிச் சிரிக்கவைத்தார். மகள் அவர் தாடையைப் பிடித்துத் திருப்பி, "அப்பா, சச் போலோ, உண்மையைச் சொல்லுங்க. என்னோடத வேணும்னேதான் விட்டுட்டு வந்தீங்களா?" என்றாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "உங்கம்மாகிட்டக் கேளு" என்றார், மெதுவாக.

அவளும் என்னிடம் வந்தாள். "முதல்ல சாப்பிடு" என்று வாயில் இட்லியைத் திணித்துவிட்டேன்.

அவள் திரும்பக் கேட்பாள். கடலுக்குப் போகிறவர்களை வீட்டில் வைத்திருக்கும் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள்: அவளுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்? அதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா?