பாம்பு ஆடலாம் என்ற தீர்மானம்

எங்கள் பேட்டையின் ஆடித் திருவிழாக் குழுவுக்குப் பல வருடங்கள் நான் எழுத்தராக இருந்தேன். தபால் ஆபீசில் வேலை, கையெழுத்து திருத்தமாக இருக்கும், அவ்வளவுதான் என் தகுதி. கூட்டத்தில் பேசியதை நோட்டில் ஏற்றித் தலைவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த நோட்டையும் என் சொந்த நாட்குறிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். எண்பதுகளின் நடுவில் வந்த ஓர் ஆடி மாதம் அது. அதற்கு மறு வருடம் நடந்தது என்று சிலர் சாதிக்கிறார்கள். தவறு. மறு வருடம் பிள்ளையார் கோயில் முக்கில் மஞ்சள் விளக்குக் கம்பம் நட்டுவிட்டார்கள். நான் சொல்லும் அன்று அங்கே கம்பம் கிடையாது. லாரி தாராளமாகத் திரும்பியது.

சேலத்துக்காரர்களுக்கு வண்டி வேடிக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி: ஆடித் திருவிழாவில் ஒவ்வொரு தெருவும் ஒரு வண்டியை அலங்கரித்து, அதில் சாமி வேஷம் கட்டிய ஆட்களைப் புராணக் காட்சியாக நிற்க வைத்து ஊர்வலம் விடும். முதலில் மாட்டு வண்டி; என் காலத்தில் லாரி. தன் தெருவுக்கு வண்டி இல்லாதவன் அன்றைக்கு ஊரில் இல்லாதவன் மாதிரிதான்.

பட்டறைத் தெருவுக்கு மூன்று வருடமாக வண்டி இல்லை. லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பின்னால் ஓட்டு வீடும் தகர வீடுமாக நெருக்கியடித்துக் கிடந்த தெரு அது. நாமக்கல் பக்கமிருந்தும் அயோத்தியாப்பட்டணம் பக்கமிருந்தும் வந்த குடும்பங்கள். பிள்ளைகள் பன்னிரண்டு வயதில் பட்டறைக்குள் போய்விடுவார்கள். அதற்கு முந்தைய ஆடியில், யார் வண்டி முன்னால் போவது என்று பக்கத்துத் தெருவோடு பிள்ளையார் கோயில் முக்கில் நடந்த சண்டையில் இரண்டு மண்டை உடைந்தது. அடுத்த ஞாயிறு குழு கூடி, அந்தத் தெருவுக்கு இனி வண்டி கிடையாது என்று தீர்மானம் போட்டது. எழுதியது நான்தான்.

அத்தோடு போகவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு ஆடியிலும் ஊர்வல வாரத்துச் செவ்வாய்க்கிழமை விடிந்ததும் ஏட்டு ஒருவர் பெயர்ப் பட்டியலோடு வருவார். மீசை முளைத்த பையன்களையெல்லாம் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்து, வெள்ளிக்கிழமை விடுவார்கள். வழக்கு ஒன்றும் இருக்காது. வியாழன் சாயங்காலம் ஊர்வலம் போகும்போது அதன் பம்பைச் சத்தத்தை அவர்கள் ஸ்டேஷன் வராந்தாவில் உட்கார்ந்து கேட்டார்கள், மூன்று வருடம்.

அந்தத் தெருவுக்கு அப்போது ஒருவர் குடிவந்தார். லாரிகளில் தாமரையும் கழுகும் எழுதுகிறவர், எல்லோருக்கும் பெயிண்டர். வயது முப்பதுக்குள். நாமக்கல் பக்கம் விவசாயக் குடும்பம். பெயிண்டராகும் முன் பம்பாய் லயன் லாரியில் கிளீனராகப் போய், லோடுக்குக் காத்துக் கிடந்த நாட்களில், ரோட்டோரம் அட்டையை விரித்து முதுகால் சுழன்று ஆடிய பையன்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். சேலத்தில் அந்த பிரேக் டான்ஸ் ஆட்டத்தை ரோட்டில் ஆடிய முதல் ஆள் அவர்தான் என்று நான் நம்புகிறேன். மறுப்பவர்கள் ஆதாரம் காட்டட்டும்.

பட்டறை மூடியதும் சிமெண்டுத் தரையைக் கூட்டிவிட்டு ஆடுவார். முதல் வாரம் வேடிக்கை பார்த்த பையன்கள் இரண்டாவது வாரம் தரையில் கிடந்தார்கள். குடித்துவிட்டு வந்தவனுக்குத் தரை கிடையாது என்பது ஒன்றே கட்டுப்பாடு. ஏன் இந்த வேலை என்று ஒருநாள் கேட்டேன்.

"தலைகீழா நிக்கறப்ப ரெண்டு கையும் தரையில இருக்குதுங்க. எவன் சட்டையப் புடிக்கறது?" என்றார்.

ஆனி மாதம் மூன்றாம் ஞாயிறு அவர் குழு முன்னால் வந்து நின்றார். தலைவர் நூல் கடைக்காரர், வாய் கொஞ்சம் நீளம்.

"வண்டி கேட்டு வந்திருக்கியா? ஸ்டேஷன் கோஷ்டிக்கு எதுக்குய்யா வண்டி? போலீஸ் வேனே இருக்குதே!"

எல்லோரும் சிரித்தார்கள். பெயிண்டரும் சிரித்தார்.

"அதுல மேல ஏறி ஆட முடியாதுங்களே."

"ஆடறதா? சாமி வேஷம் கட்டினவன் வண்டியில அசையக் கூடாது. அது சட்டம்."

"சாமி அசையாதுங்க. காளிங்க நர்த்தனம் வெக்கறோமுங்க. கிருஷ்ணன் சும்மா நிப்பாருங்க. பாம்புதானுங்க ஆடும். பாம்பு ஆடக் கூடாதுன்னு நோட்டுல இருக்குதுங்களா?"

தலைவர் என்னைப் பார்த்தார். நான் பழைய நோட்டுகளையும் சேர்த்துப் புரட்டினேன். சாமி வேஷத்தைப் பற்றி மட்டும்தான் இருந்தது.

"ஆட வேண்டிய கிருஷ்ணன் நிக்கிறான், அடங்க வேண்டிய பாம்பு ஆடுது. என்னய்யா புராணம் இது?" என்றவர் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "ஒரே ஒரு வருஷம். ஒருத்தன் கை நீண்டாலும் அப்புறம் உங்க தெரு எந்தக் காலத்துக்கும் வண்டிக்கு நிக்கக் கூடாது. எழுதுய்யா." எழுதினேன்.

மிச்சம் இருந்தது ஸ்டேஷன்; செவ்வாயன்று பையன்களைக் கூட்டிப் போகாமல் விட வேண்டுமே. பெயிண்டர் எழுதிக் கொடுத்த ஜாமீன் போதாது, குழுவிலிருந்தும் ஒருவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். தலைவர் வேறு பக்கம் பார்த்தார். நான் போட்டேன். அன்றிரவு நாட்குறிப்பில் ஒரே சொல்: 'போட்டேன்.' வீட்டில் இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை.

பாம்பு ஒன்பது பையன்கள். கைகோத்து வரிசையாக நிற்பார்கள். வால் பையனின் தோளில் கிளம்பும் அலை, முழங்கை, மணிக்கட்டு, அடுத்தவன் தோள் என்று ஒருவர் விடாமல் ஓடித் தலைக்கு வரும். தலையாக இருந்தவன் வெல்டர். நான்கு வருடத்துக்கு முன் அந்த இரண்டு மண்டைகளில் ஒன்றை உடைத்தவன். அலை வந்து சேர்ந்ததும் அவன் முதுகில் விழுந்து பம்பரமாகச் சுழல வேண்டும். பாட்டு கேசட் வேண்டாம் என்று பெயிண்டர் அந்தத் தெருப் பம்பைக்காரரையே அழைத்துக்கொண்டார்.

வியாழன் மதியம்தான் லாரி பட்டறையிலிருந்து வெளியே வந்தது. பையன்கள் தங்கள் கைத்திறமை முழுவதையும் அதன் தளத்தில் காட்டியிருந்தார்கள். பலகைக்கு மேல் புத்தம் புது இரும்புத் தகடு. கால் வழுக்காமல் இருக்கப் புள்ளி புள்ளியாக மேடு எழுப்பிய ரகம். ஆணி தலை தூக்காமல் போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். வெல்டர் மேலே ஏறி முதுகைக் கொடுத்துச் சுழன்றான். அரைச் சுற்றில் அலறிக்கொண்டு எழுந்தான். சட்டை கிழிந்து முதுகு முழுக்கக் கோடு கோடாக ரத்தம்.

பெயிண்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏன்டா, வழுக்கக் கூடாதுன்னு இத்தன பாடுபட்டிருக்கறீங்களே! நமக்கு வழுக்கோணும்டா!"

"லாரின்னா இதுதானுங்கண்ணா போடுவோம்" என்றான் வெல்டர், முதுகைத் தடவியபடி. தினமும் செய்கிற வேலையை அன்று இன்னும் நன்றாகச் செய்திருந்தார்கள், தப்பு அதுதான்.

அட்டை விரிக்கலாம் என்றான் ஒருவன். லாரி ஆடினால் அட்டை நகரும். வண்டியை விட்டுக்கொடுத்துவிடலாம் என்றான் இன்னொருவன். அவனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வாலில் நிற்கும் பையன் பலகைக்கு வெளியே நீண்ட தகட்டு விளிம்பின் அடியைத் தடவிக்கொண்டிருந்தவன் சொன்னான்: "அண்ணா, அடிப்பக்கம் மொழுமொழுன்னுதான் இருக்குது. திருப்பிப் போட்டுட்டா?"

உடனே ஸ்பேனர்கள் பறந்தன. பதினெட்டு கைகளும் லாரி கட்டப் பிறந்த கைகள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்: ஒன்றேமுக்கால் மணி நேரம். திருப்பிய தகட்டை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, மேலே கேரம் பலகைக்குத் தூவும் பவுடரைத் தூவினார்கள். வெல்டர் முதுகில் துணி கட்டிக்கொண்டு விழுந்தான். ஐந்து சுற்று.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஊர்வலம் கிளம்பியது. எங்கள் வண்டிதான் கடைசி. நானும் ஏட்டும் அதன் பின்னால் நடந்தோம். பட்டியல் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது; நீட்டிக்கொண்டிருந்த முனை எனக்குத் தெரிந்தது. பிள்ளையார் கோயில் முக்கில் பழைய எதிராளித் தெருக்காரர்கள் திரண்டு நின்றார்கள்.

"டேய், ஸ்டேஷன் கோஷ்டி வருதுடா!"

"பாம்புக்கு விலங்கு மாட்டலியாடா?"

வெல்டர் கோத்திருந்த கையை விட்டுவிட்டான். பாம்பு அறுந்தது. கூட்டத்தில் ஒரு விசில். ஏட்டின் கை பைக்குப் போனது. நான் போட்ட கையெழுத்து எனக்கு நினைவு வந்தது. கேபின் மேல் உட்கார்ந்திருந்த பெயிண்டர் திரும்பவே இல்லை. பம்பைக்காரரின் தொடையில் தட்டி, "அடிங்கண்ணா" என்றார், அவ்வளவுதான்.

பம்பை இறங்கியது. வாலிலிருந்து அலை கிளம்பிவிட்டது. எட்டுப் பேர் தோள் வழியாக அது வந்து, அறுந்த இடத்தில் நின்ற பையனின் நீட்டிய கையில் துடித்தது. வெல்டர் அதைப் பார்த்தான். பிடித்துக்கொண்டான். அலை அவன் தோளில் ஏறிக் கழுத்துக்கு வந்ததும், கேலி பேசியவர்கள் பக்கம் தலையை நீட்டிப் படமெடுத்து ஒரு சீறல் சீறினான். முன்வரிசை நிஜமாகவே பின்வாங்கியது. உடனே முதுகில் விழுந்து சுழன்றான். எண்ணினேன், பதினொன்று. மேலே நீல கிருஷ்ணன் கண் சிமிட்டாமல் நின்றான்.

அவன் எழுந்து நின்றதுமே அந்த முக்கு முழுவதும் கத்தியது. "விலங்கு" என்று கேட்ட அதே குரல், "அண்ணா, இன்னொரு தரம்! இன்னொரு தரம்ணா!" என்று கெஞ்சியது. கூட்டம் லாரியை நகர விடவில்லை. ஏட்டு விசில் ஊதிக் கூட்டத்தை ஒதுக்கினார், எல்லோருக்கும் தெரியும்படி உட்காரச் சொல்லி. மாரியம்மன் கோயில் போய்ச் சேர்வதற்குள் ஒன்பது இடத்தில் ஆட வேண்டியிருந்தது.

பரிசு வேறு தெருவுக்குப் போனது. எங்களில் யாரும் அதைக் கவனித்ததாக நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தலைவர் முதல் வார்த்தையாக, "எழுதுய்யா, பட்டறைத் தெரு வண்டி அடுத்த வருஷம் முதல்ல போகும்" என்றார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பாம்பு ஆடலாம்னும் சேத்துக்க" என்றார். இரண்டும் நோட்டில் இருக்கின்றன.

அடுத்த ஆடியில் அந்தச் செவ்வாய் விடிந்ததும் ஏட்டு தெருவுக்கு வந்தார். வெல்டர் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தவன் வழக்கம்போல் சட்டையை எடுக்கத் திரும்பினான்.

"எங்கடா போற?" என்றார் ஏட்டு. "வண்டி எத்தன மணிக்குக் கெளம்புதுன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். ஊட்ல புள்ளைங்க தூங்க விட மாட்டேங்குதுங்க."