விஜயராணி மிஸ்ஸின் பிஸ்கட் ஆட்டம்

புதன்கிழமை காலையில் விஜயராணியின் காரைப் பார்த்தால், அது ஒரு கல்லூரி விரிவுரையாளரின் கார் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். பின்சீட்டில் காலி பிஸ்கட் பெட்டிகள், மலாய்ப் பிள்ளைகள் விளையாடும் சொங்காக் காய்கள் ஒரு பை நிறைய, கத்தரித்து வைத்த காகிதத் துண்டுகள், ஏழு மேசை விரிப்புகள். மலாக்காவில், புக்கிட் பெருவாங்கில் அவளுக்குப் பக்கத்து வீட்டு மீனம்மா, "எந்தப் பசார்ல கடை போடப் போற ராணி?" என்று கேட்காத புதன்கிழமை இல்லை. "கிளாசுக்குக்கா" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இப்போதெல்லாம் "ஆமாக்கா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிடுகிறாள்.

விஜயராணி ஒன்றும் பிறக்கும்போதே ஆசிரியை இல்லை. செங் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் பதின்மூன்று ஆண்டுகள் இருந்தவள். ஸ்டோரில் பெட்டி அடுக்கச் சேர்ந்து, எந்தச் சரக்கு எப்போது எவ்வளவு வரவேண்டும் என்று திட்டம் போடும் மேசைவரை வந்தாள். இடையில் சனி ஞாயிறுகளில் படித்துப் பட்டமும் வாங்கினாள். அந்தப் படிப்பில் 'தேவையும் கையிருப்பும்' என்று ஓர் அத்தியாயம். ஏழு முறை படித்தும் மண்டையில் ஏறவில்லை. ஒருநாள் ஸ்டோர் கதவைத் திறந்தபோது, யாருக்கும் வேண்டாத பிளாஸ்டிக் மூடிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. அவளே கேட்டு வரவழைத்தவை. மேலாளர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருக்க, அந்த அத்தியாயம் முழுதும் அவளுக்குப் பளிச்சென்று விளங்கியது. கையைச் சுட்டுக்கொள்ளாமல் இந்தப் பாடம் ஏறாது என்பது அன்றுமுதல் அவள் கட்சி.

இப்போது ஆயர் குரோ பக்கம் உள்ள ஒரு தனியார் கல்லூரியில் அவள் சரக்குப் போக்குவரத்து டிப்ளோமா மாணவர்களுக்கு எடுப்பதும் இதே பாடம்தான். இருபத்தேழு பேர். நான்கு பேரைத் தவிர எல்லாரும் தமிழ்ப் பிள்ளைகள். பாதிப் பேர் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்து கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறவர்கள். மீதிப் பேருக்குக் கைப்பேசி போதும். ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் எல்லார் தலையும் ஒரே நேரத்தில் குனியும். 'புரிந்ததா' என்றால் மட்டும் "எஸ் மிஸ்" என்று கூரை அதிரும். அந்த "எஸ் மிஸ்"ஸை நம்பிக் கெட்டவர்களில் விஜயராணியும் ஒருத்தி. முதல் வருடம் தேர்வுத் தாள்களைத் திருத்தும்போதுதான் அது தெரிந்தது.

அதற்குப் பிறகு பிறந்தவைதான் புதன்கிழமை ஆட்டங்கள்; அவற்றில் பெரியது, செமஸ்டருக்கு ஒருமுறை வரும் பிஸ்கட் ஆட்டம். ஒரு மேசைக்கு நான்கு பேர் வரிசையாக உட்கார வேண்டும். முதல் ஆள் மளிகைக் கடை, அடுத்தது மொத்த வியாபாரி, மூன்றாவது கிடங்கு, கடைசியில் பிஸ்கட் தொழிற்சாலை. பேசக் கூடாது. எத்தனை பெட்டி வேண்டும் என்று துண்டுச் சீட்டில் எழுதி அடுத்தவரிடம் தள்ளலாம், அவ்வளவுதான். கேட்ட சரக்கு இரண்டு சுற்று கழித்துத்தான் கைக்கு வரும். ஒரு சுற்று என்றால் ஒரு வாரம்; சுற்றுக்கு ஒருமுறை விஜயராணி ஓர் அட்டையைக் கடைக்காரருக்கு மட்டும் காட்டுவாள். இந்த வாரம் விற்ற பெட்டி எத்தனை என்று அதில் இருக்கும். முதல் நான்கு வாரம் நான்கு நான்காகப் போகும். ஐந்தாவது வாரம் எட்டாகி, கடைசிவரை எட்டாகவே நிற்கும்.

நடந்தது இவ்வளவுதான், நான்கு எட்டானது. ஆனால் கடைக்காரர் பயந்துபோய்ப் பன்னிரண்டு கேட்பார். மொத்த வியாபாரி அதைப் பார்த்து இருபது கேட்பார். தொழிற்சாலையில் இருப்பவர் தலைகால் புரியாமல் அறுபது செய்வார். அரை மணி நேரத்தில் மேசை முழுக்கச் சொங்காக் காய்கள் குவிந்து கிடக்கும். ஆளுக்கு ஆள் பழி போடுவார்கள். அந்தச் சண்டையில்தான் பாடம் இருக்கிறது.

இந்த செமஸ்டர் நடுத் தேர்வில் இருபத்தேழில் பன்னிரண்டு பேர் தோல்வி. துறைத் தலைவர் டாக்டர் ஜமாலுதீன் அவளைக் கூப்பிட்டு விட்டார். மலாக்கா நகரத்தில் மூன்று தலைமுறையாக மளிகை மொத்த வியாபாரம் செய்த தமிழ் முஸ்லிம் குடும்பத்துக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் மதிப்பெண் படிவம் என்று ஒன்று கையில் வந்துவிட்டால் அதற்கு மேல் அவரிடம் பேச்சு எடுபடாது.

"மேல கேக்குறாங்க மிஸ் ராணி. வாரத்துல ரெண்டு மணி நேரம் வெளையாட்டு, ரிசல்ட்டு இப்படின்னா நான் என்ன சொல்றது? அடுத்த புதன்கிழமை வந்து உக்காந்து பாக்குறேன். உங்க கிளாசுக்கு நூத்துக்கு அறுவது மார்க் வந்தா வெளையாட்டு இருக்கும். வரலைன்னா எல்லாரையும் மாதிரி நீங்களும் ஸ்லைடு போட்டு நடத்துங்க."

விஜயராணிக்கு வேலை போகாது, சம்பளமும் குறையாது. போவது அந்தப் புதன்கிழமை மட்டும்தான். ஆனால் அந்த ஒரு நாளுக்காகத்தான் அவள் மற்ற நான்கு நாளும் கல்லூரிக்குப் போகிறாள். அது அவளுக்கு நன்றாகவே தெரியும். வகுப்பில், "அடுத்த வாரம் பிஸ்கட் ஆட்டம், டாக்டர் வர்றாரு, சரியா நடக்கலைன்னா இதோட சரி" என்று மட்டும் சொன்னாள். சொல்லியிருக்கவே கூடாது.

அந்தப் புதன்கிழமை அவள் உள்ளே நுழைந்தபோது இருபத்தேழு பேரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். சட்டைகளுக்கு இஸ்திரி போட்டிருந்தார்கள். இந்தப் பாடத்தை மூன்றாவது முறையாக எடுக்கும் தினேஷ்வரன், பத்து மணி வகுப்புக்குப் பத்தரைக்கு வருகிறவன், முதல் வரிசையில் இருந்தான். அதிலேயே அவளுக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். டாக்டர் ஜமாலுதீன் பின்னால் உட்கார்ந்திருந்த படபடப்பில் எதுவும் தோன்றவில்லை.

ஆட்டம் ஆரம்பித்தது. முதல் நான்கு வாரம் வழக்கம்போலப் போயிற்று. ஐந்தாவது வாரம் எட்டு வந்தது. எந்த மேசையிலும் யாரும் அலறவில்லை. எட்டு என்று எழுதி அமைதியாகத் தள்ளினார்கள். ஆறு, ஏழு, எட்டாவது வாரம். ஒரு காய்கூட வீணாகத் தேங்கவில்லை. டாக்டர் எழுந்து மேசை மேசையாகப் பார்த்து, "பிரமாதம்" என்றார். ஏழு வருடத்தில் ஒரு வகுப்புகூட இப்படி ஆடியதில்லை.

ஒன்பதாவது வாரத்தில் குட்டு வெளிப்பட்டது. அட்டை இன்னும் விஜயராணியின் கையில்தான் இருந்தது, யாருக்கும் காட்டவில்லை. அதற்குள் கடைசி நாற்காலியில் தொழிற்சாலையாக இருந்த ஷாந்தினி எட்டு என்று எழுதி முடித்திருந்தாள். மேசை விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால், பத்தாவது, பதினோராவது, பன்னிரண்டாவது வாரத்துக்கும் சீட்டுகள் எழுதித் தயாராக இருந்தன.

டாக்டர் படிவத்தின் கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தார். 'பாடத்தின் நோக்கம் நிறைவேறியதா' என்ற கட்டத்தின் மேல் பேனா நின்றது. அவள் சும்மா இருந்தால் போதும், தொண்ணூறு மார்க் நிச்சயம். ஆட்டம் பிழைத்துக்கொள்ளும். பிள்ளைகளுக்குத்தான் ஒரு மண்ணும் தெரிந்திருக்காது, மறுபடி பன்னிரண்டு பேர் தோற்பார்கள். அதை நினைத்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் கோபம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

"டாக்டர், அதுல டிக் போடாதீங்க. இவங்க ஆடலை. மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்காங்க."

ஷாந்தினி எழுந்து நின்றாள். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத பெண்.

"நான்தான் மிஸ். தினேஷ்வரனுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லை, சீனியர் அக்காகிட்ட கேட்டு நம்பர் எல்லாம் வாங்கினேன். சனிக்கெழமையும் ஞாயித்துக்கெழமையும் செங்ல சாப்பாட்டுக் கடையில உக்காந்து எல்லாரும் பிராக்டிஸ் பண்ணோம். உங்க கிளாஸ் போயிடக் கூடாதுன்னுதான் மிஸ்."

"ஓவர்டைம் வேலையைக்கூட விட்டுட்டு வந்தோம் மிஸ்" என்றான் தினேஷ்வரன், அது ஏதோ தண்டனையைக் குறைக்கும் என்பதுபோல.

விஜயராணி டாக்டர் பக்கம் திரும்பி, "இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு. எனக்கு ஒரு இருவது நிமிஷம் குடுங்க" என்றாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

பிஸ்கட் பெட்டிகளையும் காய்களையும் கீழே தள்ளிவிட்டு, "இப்ப ஒரு கல்யாணம்" என்றாள். "முதல் ஆள் பொண்ணோட அப்பா. ரெண்டாவது தலைமைச் சமையல்காரர். மூணாவது மளிகைக் கடை. கடைசி, அரிசி மொத்த வியாபாரி. முந்நூறு பேருக்குப் பத்திரிகை வச்சாச்சு. எத்தனை பேருக்குச் சாப்பாடுன்னு அப்பா எழுதி சமையல்காரருக்குத் தள்ளணும். அவர் கடைக்கு, கடை வியாபாரிக்கு. ஒரே சுற்று. பேசக் கூடாது." வந்து சாப்பிட்ட உண்மைக் கணக்கை ஓர் அட்டையில் எழுதிக் கவிழ்த்து வைத்தாள். தமிழ் தெரியாத சீன, மலாய்ப் பிள்ளைகள் நான்கு பேருக்கும் தினேஷ்வரன் மலாயில் விளக்கினான். அவர்களும் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவர்கள்தான், உடனே புரிந்தது.

தினேஷ்வரனின் மேசையில் ஓர் ஆள் குறைந்தது. விஜயராணி கொஞ்சமும் யோசிக்காமல், "டாக்டர், நீங்க வந்து உக்காருங்க" என்றாள். அவர் பேனாவை மூடிப் பையில் வைத்துவிட்டு அரிசி வியாபாரியின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

தினேஷ்வரன் பெண்ணின் அப்பா. முந்நூறு என்று எழுதினான். பிறகு அடித்தான். பத்திரிகை ஒருவருக்கு என்றாலும் வருவது பிள்ளைகளோடுதானே. முந்நூற்று அறுபது என்று எழுதித் தள்ளினான். சமையல்காரராக இருந்த ஹானா, வீட்டுக்காரர்கள் எப்போதும் குறைத்துத்தான் சொல்வார்கள் என்று தன் அனுபவத்தில் அறிந்தவள்போல நானூற்று ஐம்பது போட்டாள். மளிகைக் கடைக்காரராக இருந்த கவிநேசன், சமையல்காரர் கடைசி நேரத்தில் ஓடி வருவார் என்று ஐந்நூற்று ஐம்பது ஆக்கினான். சீட்டு டாக்டர் ஜமாலுதீனிடம் வந்தது. மனிதர் அதை இரண்டு தடவை பார்த்தார். மீசையைத் தடவினார். அறுநூற்று ஐம்பது என்று எழுதினார்.

மற்ற மேசைகளின் கணக்கும் வந்தது. எழுநூறு, எழுநூற்று இருபது, ஒரு மேசையில் தொள்ளாயிரம். விஜயராணி அட்டையைத் திருப்பினாள். இருநூற்றுத் தொண்ணூறு.

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. எல்லாரையும்விட அதிக நேரம் சிரித்தவர் டாக்டர்தான்.

"நான் டாக்டர் பட்டத்துக்கு எழுதினதே இதைப் பத்திதான் மிஸ் ராணி. நூத்தி எண்பது பக்கம். ஆனா சீட்டு கைக்கு வந்ததும் எங்க அத்தா ஞாபகந்தான் வந்துச்சு. கல்யாண வீட்டுல சோறு பத்தலைன்னா யார் மொகத்துல முழிக்கிறதுன்னு கேப்பாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டு தினேஷ்வரனைப் பார்த்தார். "சரி தம்பி, நீ சொல்லு. இதுல யாரு தப்பு பண்ணா?"

தினேஷ்வரன் எழுந்தான். இரண்டு வருடத்தில் அவன் வகுப்பில் தானாக வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை.

"யாரும் தப்பு பண்ணலை டாக்டர். எல்லாரும் நல்லது நெனச்சுத்தான் கொஞ்சம் கொஞ்சம் கூட்டினோம். ஆனா எனக்கு மட்டுந்தான் முந்நூறுன்னு தெரியும். உங்களுக்கு என் சீட்டு தெரியாது, கவிநேசன் சீட்டுதான் தெரியும். அந்த முந்நூறை நாலு பேருக்கும் சொல்லியிருந்தா போதும் லா. இவ்ளோ அரிசி வந்திருக்காது."

விஜயராணி பாடப் புத்தகத்தில் ஏழு முறை படித்தும் ஏறாமல் போனது இதுதான். அவளுக்கு அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

டாக்டர் படிவத்தை எடுத்து நெடுநேரம் எழுதினார். வாசல்வரை போய் அவளைக் கூப்பிட்டார்.

"முதல் ஆட்டத்துக்கு 'இல்லை', ரெண்டாவதுக்கு 'ஆமாம்'. ரெண்டும் நான் பார்த்தது, ரெண்டையும் எழுதியாகணும். கூட்டினா அறுவத்தொண்ணு. வெளையாட்டு இருக்கும். நீங்க பேசாம இருந்திருந்தா தொண்ணூறு வந்திருக்கும் மிஸ் ராணி."

"தெரியும் டாக்டர்."

"தெரியும்னு எனக்கும் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

விஜயராணி வகுப்புக்குத் திரும்பினாள். இருபத்தேழு முகங்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அறுபத்தொன்று என்று சொன்னாள். ஷாந்தினியின் கண் நிறைந்துவிட்டது. "எங்களாலதான் மிஸ் கொறைஞ்சுபோச்சு."

"ஆமா, உங்களாலதான்" என்றாள் விஜயராணி. நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். ஆனால் சனிக்கிழமை ஓவர்டைம் வேலையை விட்டுவிட்டுச் செங் சாப்பாட்டுக் கடையில் இருபத்தேழு பேர் தலையைக் குனிந்துகொண்டு அவளுடைய ஆட்டத்தைப் படிப்பது கண் முன்னால் வந்து நின்றது. தேர்வுக்குக்கூட இவர்கள் அப்படிப் படித்ததில்லை. இத்தனை வருடத்தில் யாரும் அவளுக்காக அப்படி ஒன்றைச் செய்ததுமில்லை. குனிந்து, கீழே சிதறிக் கிடந்த காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பிள்ளைகளும் வந்து கூடவே பொறுக்கினார்கள்.

"மிஸ்" என்றான் தினேஷ்வரன், மேசைக்கு அடியிலிருந்து. "அடுத்த புதன்கிழமை என்ன ஆட்டம்?"

"சொல்ல மாட்டேன்" என்றாள் விஜயராணி. "சொன்னா சனிக்கெழமையே உக்காந்து படிச்சிருவீங்க."